எடை குறைந்த கார்பெட் மெஷின்: லிப்ட் இல்லாத புதுச்சேரிக் கட்டடங்களுக்கு எது சரிப்படும்?

முத்தியால்பேட்டைக்காரர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரியில் ஓட்டல்கள், விருந்தினர் இல்லங்கள், அலுவலகங்கள் ஆகியவற்றின் கார்பெட்டுகளையும் சோபாக்களையும் சுத்தம் செய்து தரும் சிறு தொழிலை நானும் என் தம்பியும் இரண்டு பணியாளர்களும் சேர்ந்து நடத்தி வருகிறோம். எங்களிடம் இருப்பது சுடுநீரைப் பீய்ச்சி உடனே உறிஞ்சி எடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் மெஷின். 45 லிட்டர் நல்ல தண்ணீர்த் தொட்டி, ஏறக்குறைய அதே அளவில் அழுக்குத் தண்ணீர்த் தொட்டி, இரண்டு வேக்குவம் மோட்டார்கள், உள்ளேயே ஒரு ஹீட்டர் என எல்லாம் அடங்கிய மெஷின் என்பதால், தண்ணீர் ஊற்றாமலேயே 50 கிலோவைத் தாண்டிவிடுகிறது. சமதளத்தில் சக்கரத்தில் உருட்டிக்கொண்டு போகும்வரை அதன்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

சிக்கல் மாடிப்படியில்தான் வருகிறது. எங்களுக்குக் கிடைக்கும் வேலைகளில் பெரும்பகுதி, ஒயிட் டவுனில் பழைய பிரெஞ்சுக் காலத்து வீடுகளைத் தங்கும் விடுதிகளாக மாற்றியமைத்த இடங்களில் இருக்கிறது. அங்கே லிப்ட் கிடையாது. சுவரோரமாக ஒடுங்கி வளைந்து ஏறும் படிக்கட்டுதான். மெஷினின் கைப்பிடியை ஒருவர் மேலிருந்து இழுக்க, அடிப்பகுதியை ஒருவர் கீழிருந்து தாங்க வேண்டும். வளைவில் திரும்பும் இடத்தில் பாரம் முழுவதும் கீழே நிற்பவரின் மணிக்கட்டிலும் இடுப்பிலும் இறங்கிவிடுகிறது. பணியாளர்களில் மூத்தவருக்கு இடுப்பு வலி வந்து, இனிப் பாரம் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவரை நிறுத்திவிட எனக்கு மனமில்லை. கறை எடுப்பதில் அவருக்கு இருக்கும் கைப்பக்குவம் எங்களில் வேறு யாருக்கும் இல்லை.

ஆகவே எடை குறைந்த மெஷினுக்கு மாறுவது என்று முடிவு செய்திருக்கிறேன். ஆனால் 10 கிலோ அளவில் இருக்கும் சிறு மெஷின்களைப் பார்க்கும்போது, அவை அன்றாடத் தொழிலுக்குத் தாங்குமா, கார்பெட்டின் அடி வரை இறங்கிய அழுக்கை இழுக்குமா, ஈரத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுமா என்ற ஐயங்கள் எழுகின்றன. நம் கடற்கரைக் காற்றில் கார்பெட் காய்வதே பெரும்பாடு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. மெஷினை வேனிலேயே நிரந்தரமாகப் பொருத்திவிட்டு நீளமான ஹோஸை மட்டும் மாடிக்கு ஏற்றலாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். இந்தத் தொழிலில் அனுபவம் உள்ளவர்கள், எதைப் பார்த்து எதை விட வேண்டும் என்று விளக்கமாகச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

கெடிலக்கரை (கடலூர்) எழுதியது:

வணக்கம். கடலூரிலும் நெய்வேலியிலும் நீண்ட காலமாக இதே தொழிலில் இருக்கிறேன். பணியாளரின் இடுப்பை முன்னிட்டு மெஷினை மாற்ற நினைக்கிறீர்களே, அதற்காகவே விரிவாக எழுதுகிறேன்.

மெஷினோடு வரும் தாளில் போட்டிருக்கும் எடையை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். படியில் ஒரே தடவையில் ஒரு ஆளின் கைக்கு எத்தனை கிலோ வருகிறது என்று கணக்கிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால், தொட்டி நிரம்பிய உங்கள் மெஷின் 95 கிலோவுக்கு மேல் நிற்கும். நிரப்பிய மெஷினை யாரும் படியில் ஏற்ற மாட்டார்கள் என்று நாம் நினைத்தாலும், தண்ணீர் ஊற்ற வசதியில்லாத தளங்களில் அவசரத்தின் பேரில் அதுவும் நடந்துவிடுகிறது. அமெரிக்காவில் பணியிடப் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் என்ற அரசு நிறுவனம் 1991-இல் திருத்தியமைத்த கணக்கின்படி, பொருள் உடலை ஒட்டி இருந்து, இடுப்பைத் திருப்பாமல், நல்ல பிடியோடு தூக்கும் மிகச் சாதகமான நிலையில்கூட ஒருவருக்கு உச்சமாக 23 கிலோதான் வைக்கப்படுகிறது. பொருள் உடலை விட்டு விலக விலக, இடுப்பு திரும்பத் திரும்ப, அந்த அளவு குறைந்துகொண்டே போகிறது. வளைந்த படிக்கட்டில் எந்தச் சாதகமும் இல்லை. எனவே ஒரு ஆளின் கைக்கு ஒரு நேரத்தில் 15 கிலோவுக்கு மேல் வரக் கூடாது என்பதை எங்கள் கடையில் விதியாகவே வைத்திருக்கிறோம்.

இந்த விதிக்கு உட்பட்டு நிற்பவை இரண்டு வகை. முதலாவது, 8 முதல் 10 லிட்டர் தொட்டி கொண்ட, ஒருவர் தூக்கிக்கொண்டு போகக்கூடிய சிறு எக்ஸ்ட்ராக்டர். கர்ச்சர் நிறுவனத்தின் புட்ஸி 10/1 நம் பக்கத்தில் பலரும் பயன்படுத்துவது என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். காலியாக இருக்கும்போது சுமார் 11 கிலோ எடை, 1,250 வாட் வேக்குவம் மோட்டார், நிமிடத்துக்கு ஒரு லிட்டர் பீய்ச்சும் பம்பு, 24 சென்டிமீட்டர் அகலமுள்ள தரை முனை ஆகியவை அதில் இருக்கின்றன. மணிக்கு 20 முதல் 25 சதுர மீட்டர் வரை முடிக்கலாம் என்று நிறுவனமே குறிப்பிடுகிறது. அதாவது ஏறக்குறைய 215 முதல் 270 சதுர அடி. விடுதி அறை ஒன்றுக்கு இது போதும். கல்யாண மண்டபத்துக்குப் போதவே போதாது. இரண்டாவது வகை, மோட்டாரும் பம்பும் உள்ள மேல்பாகமும் தொட்டியுள்ள கீழ்பாகமும் கொக்கிகளைக் கழற்றினால் தனித்தனியே பிரியும் நடுத்தர மெஷின். இதில் மொத்த எடை குறையாது, ஆனால் இருவர் இரண்டு நடையில் ஏற்றிவிடலாம். வாங்கும்போது கொக்கிகள் உண்மையிலேயே கையால் கழல்கின்றனவா, மின்வயரும் தண்ணீர்க் குழாயும் கருவியின்றிப் பிரிகின்றனவா என்பதைக் கடையிலேயே கழற்றிப் பார்த்துவிட வேண்டும். பிரிக்க ஸ்பேனர் தேவைப்படும் மெஷினைப் பணியாளர்கள் பிரிக்காமலேயே தூக்குவார்கள்.

அடுத்து, உறிஞ்சும் திறன். தண்ணீரை மேலே தூக்கும் இழுவிசை ஒன்று, நொடிக்கு எத்தனை லிட்டர் காற்றை இழுக்கிறது என்ற காற்றோட்டம் மற்றொன்று. இரண்டும் சேர்ந்துதான் கார்பெட்டிலிருந்து ஈரத்தை எடுக்கின்றன. மோட்டார் பெரிதாக இருந்தாலும் ஹோஸ் நீளமாக நீளமாக உராய்வினால் முனைக்கு வந்து சேரும் காற்றோட்டம் குறைந்துவிடும். சிறு மெஷினில் ஒரு மோட்டார்தான் என்றாலும், அதை நாம் வேலை செய்யும் இடத்துக்கு அருகிலேயே வைத்து இரண்டு மூன்று மீட்டர் ஹோஸில் இழுப்பதாலும், முனை குறுகலாக இருப்பதாலும், நாம் அஞ்சும் அளவுக்கு இழுவை குறைவதில்லை. முனையின் மேல் இருக்கும் கண்ணாடி போன்ற மூடியைக் கவனித்துக்கொண்டே இழுங்கள். முதல் இழுப்பில் டீத்தண்ணீர் நிறத்தில் ஓடுவது வெளுத்து, பிறகு ஓட்டம் நின்று துளிகள் மட்டும் தெறிக்கும் வரை பீய்ச்சாமல் வெறுமனே இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த வெறும் இழுப்பை இரண்டு தடவையாவது கொடுத்தால், சிறு மெஷினும் கார்பெட்டைக் கையில் ஒட்டாத ஈரத்தில் விட்டுவிடும்.

சிறு மெஷினில் நாம் உண்மையில் இழப்பது சூட்டையும் பீய்ச்சும் அழுத்தத்தையும்தான். ஹென்கல் நிறுவனத்தில் பணியாற்றிய ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்பர்ட் சின்னர் 1959-இல் எடுத்துக்காட்டிய ஒரு வட்டம் இருக்கிறது. வேதிப்பொருள், இயக்க விசை, வெப்பம், நேரம் ஆகிய நான்கும் சேர்ந்துதான் சுத்தம் நடக்கிறது என்றும், ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்டி ஈடுகட்ட வேண்டும் என்றும் அது சொல்கிறது. எனவே சூடும் அழுத்தமும் குறைந்த மெஷினை வாங்குபவர், ஷாம்புக் கரைசலை முன்கூட்டியே கைப்பம்பினால் தெளித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, பிரஷால் நன்றாகத் தேய்த்த பிறகே இழுக்க வேண்டும். ஊறும் நேரத்தில் கரைசல் காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது முக்கியம், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். வெந்நீருக்கு, சோலார் வாட்டர் ஹீட்டர் உள்ள விடுதியாக இருந்தால் அங்கேயே பிடித்துக்கொள்ளலாம். ஆனால் சிறு மெஷின்களின் பம்பும் தொட்டியும் கொதிநீரைத் தாங்கமாட்டா என்பதால், கையேட்டில் குறிப்பிட்டுள்ள வெப்ப அளவைத் தாண்ட வேண்டாம்.

வேன் யோசனையைப் பற்றி ஒரு சொல். மெஷினைத் தெருவில் நிறுத்திக் குழாயை மட்டும் உள்ளே கொண்டுபோவது புதிதன்று. லண்டனில் 1901-இல் ஹ்யூபர்ட் செசில் பூத் உருவாக்கிய வேக்குவம் கிளீனரே குதிரைவண்டியில் வந்து, ஜன்னல் வழியாகக் குழாயை நீட்டிச் சுத்தம் செய்ததுதான். அதைக் கையால் தள்ளும் அளவுக்குச் சிறிதாக்கி 1908-இல் காப்புரிமை பெற்றவர், ஒஹாயோவில் துப்புரவுப் பணியாளராக இருந்து, தூசியினால் ஆஸ்துமாவில் அவதிப்பட்ட ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்ளர். பெரிய வளாகங்களுக்கு வேன் நல்லதுதான். ஆனால் ஒயிட் டவுனின் வீதிகளில் நாள் முழுவதும் வேனை நிறுத்த இடம் கிடைப்பது அரிது. கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வாகனங்களுக்கே அனுமதி இல்லை. உங்கள் வேலைக்கு அது பொருந்தாது என்பது என் கருத்து.

ஹவுஸ்கீப்பிங் புதுவை எழுதியது:

வணக்கம். நான் புதுச்சேரியில் ஒரு தங்கும் விடுதியில் ஹவுஸ்கீப்பிங் பொறுப்பில் இருப்பவள். உங்களைப் போன்றவர்களை வேலைக்கு அழைக்கும் தரப்பிலிருந்து எழுதுகிறேன். மெஷின் எத்தனை பி.எஸ்.ஐ. அழுத்தம் தருகிறது என்று நாங்கள் யாரும் கேட்பதில்லை. அறையை எத்தனை மணிக்குத் திரும்பக் கொடுப்பீர்கள் என்பதுதான் எங்கள் கேள்வி. முற்பகலில் விருந்தினர் அறையைக் காலி செய்து, பிற்பகலில் அடுத்தவர் வந்துவிடுகிறார். இடையில் கிடைக்கும் சில மணி நேரத்தில் ஈரக் கார்பெட் காய வழியே இல்லை. ஈரம் ஒரு நாளுக்கு மேல் நின்றுவிட்டால் பூஞ்சை வாடை பிடித்துக்கொள்ளும். பிறகு எந்த வாசனைத் திரவமும் அதை மறைக்காது.

ஆகவே எக்ஸ்ட்ராக்டரை மட்டும் நினைக்காமல், எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு உருளைப் பிரஷ்கள் கொண்ட மெஷினையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இதில் தண்ணீர்த் தொட்டியைச் சுமக்க வேண்டியதில்லை, உறிஞ்சும் மோட்டாரும் இல்லை. என்கேப்சுலேஷன் வகை ஷாம்பை இலேசாகத் தெளித்து, இந்தப் பிரஷை இரண்டு திசையிலும் ஓட்டினால், அழுக்கு அந்த ஷாம்பில் ஒட்டிக்கொண்டு, காய்ந்ததும் பொடியாகும் படிகமாக உதிர்கிறது. அடுத்த முறை வேக்குவம் போடும்போது வெளியே வந்துவிடுகிறது. ஈரம் மிகக் குறைவு என்பதால் ஏசி ஓடும் அறையில் ஓரிரு மணி நேரத்தில் நடக்கலாம். எங்களிடம் வந்து செய்பவர்களில் ஒரு பெண்மணி அதைத் தனியாகவே மாடிக்குத் தூக்கி வருகிறார். நடைபாதை, வரவேற்பறை போன்ற, அழுக்கு மேலோட்டமாகப் படியும் இடங்களை இப்படி அடிக்கடி செய்துவிட்டு, தண்ணீரில் அலசி எடுக்கும் வேலையை வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை, அறைகள் காலியாக இருக்கும் காலத்தில் வைத்துக்கொள்வதுதான் எங்களுக்கு வசதி.

இன்னும் ஒன்று. கடற்கரை விடுதிகளில் கார்பெட்டில் பாதி அழுக்கு மணல்தான் என்று தோன்றும் அளவுக்கு மணல் வரும். அது இழைகளின் அடியில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு காலடியிலும் இழையை அறுக்கிறது. அதைத் தண்ணீர் ஊற்றி எடுக்க முடியாது. நனைந்தால் அடியிலேயே சேறாகிவிடும். முதலில் பிரஷ் உருளை வைத்த நல்ல வேக்குவம் கிளீனரால் பொறுமையாக எடுத்த பிறகே மற்ற எதையும் தொடங்க வேண்டும். சிறு எக்ஸ்ட்ராக்டர் வாங்கும் பணத்தில் ஒரு பங்கை இந்த உலர் வேக்குவத்துக்கு ஒதுக்குங்கள். வேலைக்கு வருகிறவர்கள் உலர் வேக்குவம் போடாமல் நேராக நனைக்கத் தொடங்கினால், அங்கேயே எனக்கு அவர்கள்மேல் நம்பிக்கை போய்விடுகிறது.

முத்தியால்பேட்டைக்காரர் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பிரஷ் மெஷினை நான் நினைத்தே பார்க்கவில்லை. ஆனால் எங்கள் வாடிக்கையாளர்களில் சிலரிடம் காஷ்மீர்க் கம்பளி விரிப்புகளும், சணல் விரிப்புகளும், பவானி ஜமக்காளங்களும் இருக்கின்றன. அவற்றுக்கும் இந்தச் சிறு மெஷின்கள் ஒத்துவருமா? மேலும், பழைய கட்டடங்களில் மின்சாரப் பிளக் பாயிண்ட்கள் எப்படியிருக்கும் என்று சொல்லவே முடியவில்லை. எங்கள் பெரிய மெஷினைப் போட்டதும் டிரிப் ஆகும் இடங்கள் உண்டு.

நெல்லிக்குப்பம் மோட்டார் ரிப்பேர் எழுதியது:

மின்சாரக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஐயா. வேக்குவம் மோட்டார், பம்பு ஆகியவற்றைப் பழுது பார்ப்பதே என் தொழில்.

நம் வீடுகளில் இருப்பவை 6 ஆம்பியர், 16 ஆம்பியர் என இரண்டு வகைப் பிளக் பாயிண்ட்கள். 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் பாயிண்ட் தரக்கூடியது 1,380 வாட்; 16 ஆம்பியர் பாயிண்ட் தரக்கூடியது 3,680 வாட். இரண்டு வேக்குவம் மோட்டார்களும் ஹீட்டரும் பம்பும் சேர்ந்து ஓடும் பெரிய மெஷின் 4,000 வாட்டைத் தாண்டக்கூடியது என்பதால், பழைய கட்டடத்தில் டிரிப் ஆவதில் வியப்பே இல்லை. கெடிலக்கரை ஐயா சொன்ன 1,250 வாட் மெஷின் 6 ஆம்பியருக்குள் அடங்கிவிடுகிறது. எடை குறைந்த மெஷினுக்கு மாறுவதால் கிடைக்கும் இந்த நன்மையைப் பலரும் கவனிப்பதில்லை: ஹீட்டர் இல்லாத மெஷின் எந்த அறையிலும் ஓடும். ஆனால் அதே பாயிண்ட்டில் காற்றாடியையும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். எக்ஸ்டென்ஷன் வயர் எடுத்துச் செல்வதாக இருந்தால் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக்கம்பி உள்ளதாக, முழுவதும் சுருளிலிருந்து அவிழ்த்துப் பயன்படுத்த வேண்டும். சுருட்டியபடியே ஓட்டினால் வயர் சூடேறி உருகும். தண்ணீரும் மின்சாரமும் ஒன்றாகப் புழங்கும் வேலை இது. எர்த் சரியாக இருக்கிறதா என்பதை ஒவ்வொரு கட்டடத்திலும் பிளக் பாயிண்ட்டில் செருகும் சாக்கெட் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. பொருத்திய ஒரு பெட்டியைக் கையோடு கொண்டுபோவது உயிரைக் காக்கும். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

இணையத்தில் அமெரிக்க மெஷின்களைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் என்னிடம் வருகிறார்கள். அங்கே 120 வோல்ட் மின்சாரம். நேராக நம் பிளக்கில் செருகினால் மோட்டார் எரிந்துவிடும். ட்ரான்ஸ்பார்மர் வைத்துக்கொண்டால் ஓடும்தான், ஆனால் இரண்டு மோட்டார்களுக்கு ஈடுகொடுக்கும் ட்ரான்ஸ்பார்மரைத் தூக்க இன்னொரு ஆள் வேண்டியிருக்கும். எடை குறைய வேண்டும் என்பவர் அந்தப் பக்கமே போக வேண்டாம். உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்பதை வாங்கும் முன்பே கேளுங்கள். கார்பன் பிரஷ், பம்பின் டயாபிராம், பீய்ச்சும் நாசில், ஹோஸ் முனையின் ரப்பர் வளையம் ஆகிய நான்கும்தான் திரும்பத் திரும்பத் தேய்கின்றன. இவற்றைச் சென்னையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ வரவழைக்க முடிகிற மெஷினாக இருந்தால் போதும்.

கடற்கரை உப்புக்காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் தொட்டிக்கு ஒன்றும் ஆவதில்லை. அதனால் எடையும் குறைவு. ஆனால் மெஷினைக் கவிழ்த்து, சக்கர அச்சையும் மோட்டார் மூடியின் திருகுகளையும் பாருங்கள். காந்தம் ஒட்டுகிற, மேலே மட்டும் பளபளப்பாக முலாம் பூசிய திருகுகளாக இருந்தால், அவை துருப்பிடித்து இறுகி, பழுது பார்க்கும்போது தலை உடைந்து வருகின்றன. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரைப் பம்பில் ஓட்டிவிட்டு, தொட்டியைத் திறந்து வைத்து, வேக்குவம் மோட்டாரைச் சில நிமிடங்கள் வெறுமனே ஓட்டி உள்ளிருக்கும் ஈரத்தைக் காய வைத்தால் மோட்டாரின் ஆயுள் நீளும். என்னிடம் வரும் மோட்டார்களில் மிகுதியானவை நுரையினால் கெட்டவை. தொட்டி நிரம்பினால் மிதவை மேலேறி, மோட்டாருக்குப் போகும் வழியை அடைத்துவிடும்; நுரைக்கு அந்த மிதவை எழும்பாது, நுரை மோட்டாருக்குள் போய்விடும். சிறு தொட்டியில் நுரை சீக்கிரம் மேலே வந்துவிடும் என்பதால், நுரையடக்கியை அழுக்குத் தொட்டியில் சிறிது ஊற்றியே தொடங்க வேண்டும். நிலத்தடி நீர் உப்பாக இருக்கும் பகுதிகளில் நாசில் அடைத்துக்கொள்ளும். எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறப்போட்டால் திறந்துகொள்ளும்.

லாஸ்பேட்டை சோபா சர்வீஸ் எழுதியது:

அண்ணா, நான் இந்த 10 லிட்டர் வகை மெஷினை வைத்துத் தனி ஆளாகத் தொழில் நடத்துகிறவள். ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் மெஷின், பின்சீட்டில் ஹோஸும் பையும் என்று ஒரே நடையில் வேலை இடத்துக்குப் போய்விடுகிறேன். தொழிலுக்குத் தாங்குமா என்றால், சோபா, மெத்தை, கார் இருக்கை, ஓர் அறைக் கார்பெட் ஆகியவற்றுக்கு நன்றாகவே தாங்குகிறது.

ஆனால் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். தூக்கும் பாரம் குறைந்தாலும் நடையும் குனிதலும் கூடும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வீதம் பீய்ச்சும்போது 10 லிட்டர் தொட்டி பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் அழுக்குத் தொட்டியைக் குளியலறைக்குத் தூக்கிப் போய் ஊற்றி, வாளியில் நல்ல தண்ணீர் கொண்டு வர வேண்டும். குளியலறை தொலைவில் இருக்கும் தளத்தில் இந்த நடைதான் உடம்பை அசத்தும். உங்கள் மூத்த பணியாளருக்கு இடுப்பு வலி என்பதால், தொட்டியைத் தூக்கும் வேலையை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அவரைத் தெளிப்பதிலும் கறை எடுப்பதிலும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கைமுனையால் குனிந்தபடி தரையை இழுக்க விடவே கூடாது. நின்றபடி இழுக்கும் நீளமான தரைக் குழாய் மெஷினோடு வருகிறதா, அவர் உயரத்துக்குப் பொருந்துகிறதா என்று அவரையே பிடித்துப் பார்க்கச் சொல்லி வாங்குங்கள்.

விரிப்புகளைப் பொறுத்தவரை, கம்பளிக்குக் காரம் அதிகமான ஷாம்பு ஆகாது; கம்பளிக்கென்றே விற்கும் மிதமான கரைசலும் குறைந்த சூடும் போதும். சணலும் தென்னை நாரும் நனைந்து மெதுவாகக் காய்ந்தால் பழுப்புக் கறை மேலே ஏறிவிடும். நான் அவற்றைத் தண்ணீர் ஊற்றிச் செய்ய ஒப்புக்கொள்வதே இல்லை. ஜமக்காளம் பருத்தி, ஓரத்தில் வெள்ளைத் துணியை நனைத்து அழுத்திப் பார்த்து, சாயம் இறங்கினால் விட்டுவிடுங்கள்.

பிரஷ் மெஷினைப் பற்றி ஹவுஸ்கீப்பிங் அக்கா சொன்னது நடைபாதைகளுக்குச் சரி. ஆனால் குழந்தை சிறுநீர் கழித்த இடம், பால் கொட்டிய இடம் போன்றவற்றை அது எடுக்காது. உள்ளே இறங்கியதை உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் மழையில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது என்னைப் பலர் அழைத்தார்கள். அப்படி ஊறிய கார்பெட்டுக்கு என் சிறு மெஷினும் போதாது. சாக்கடை கலந்த வெள்ளநீர் என்றால் எந்த மெஷினாலும் பயனில்லை, அந்தக் கார்பெட்டை வெளியே எடுத்துப் போட்டுவிடுவதே உடம்புக்கு நல்லது.

கெடிலக்கரை (கடலூர்) எழுதியது:

சகோதரி சொன்ன தண்ணீர் நடை முற்றிலும் உண்மை. அதனால்தான் பழைய பெரிய மெஷினை விற்றுவிட வேண்டாம் என்றும் சொல்ல நினைத்தேன். தரைத்தள மண்டபங்களுக்கும், லிப்ட் உள்ள இடங்களுக்கும், வெள்ளத்துக்கும் அது வேண்டியிருக்கும். ஆனால் பிரஷ் மெஷினை நான் அவரைவிடச் சற்று உயர்வாகவே மதிக்கிறேன். அதை ஷாம்புக்காக மட்டும் பார்க்காமல், சிறு எக்ஸ்ட்ராக்டர் இழந்த இயக்க விசையை ஈடுகட்டும் கருவியாகப் பாருங்கள். தெளித்து, பிரஷ் மெஷினை ஓட்டித் தேய்த்து, பிறகு சிறு மெஷினால் அலசி இழுத்தால், கையால் தேய்க்கும் வேலையே போய்விடும். இரண்டு மெஷின்களும் தனித்தனியே ஒரு ஆள் தூக்கும் எடைதான்.

காய வைப்பதற்கு, தரையை ஒட்டி வீசும் நத்தை வடிவக் காற்றாடி ஒன்று அவசியம். அதிலும் சிறியதாக, ஒரு கையில் பிடித்துப் போகும் அளவில் கிடைக்கிறது. மழைக்காலத்தில் ஜன்னலைத் திறந்து வைப்பது ஈரத்தை உள்ளே அழைப்பதாகும். ஜன்னலை மூடி, ஏசியை டிரை என்ற நிலையில் வைத்து, காற்றாடியை ஓட்டுவதே சரி.

முத்தியால்பேட்டைக்காரர் எழுதியது:

எல்லோர் பதிலையும் தம்பியோடும் பணியாளர்களோடும் உட்கார்ந்து படித்தோம். மாடி அறைகளுக்கு 10 லிட்டர் அளவிலான சிறு எக்ஸ்ட்ராக்டர் ஒன்று, அதோடு பிரஷ் மெஷின் ஒன்று, ஆர்.சி.சி.பி. பெட்டி, கைக்காற்றாடி என்று தொடங்குகிறோம். பெரிய மெஷின் தரைத்தள வேலைகளுக்கு மட்டும் வெளியே வரும். மூத்தவர் நீளமான தரைக் குழாயைக் கையில் பிடித்துப் பார்த்த பிறகே பணம் கட்டுவோம். சணல் விரிப்பு வேலைகளை இனி ஏற்பதில்லை என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லத் தொடங்கிவிட்டேன். பிரஷ் மெஷின் எங்கள் கையில் எப்படி ஓடுகிறது என்று பார்க்காமல் வாங்கத் தயக்கமாக இருக்கிறது. கெடிலக்கரை ஐயா, உங்கள் வேலை இடத்தில் ஒரு நாள் அருகிலிருந்து பார்க்க அனுமதிப்பீர்களா?

கெடிலக்கரை (கடலூர்) எழுதியது:

தாராளமாக வாருங்கள். அடுத்த வாரம் மஞ்சக்குப்பத்தில் ஓர் அலுவலகத்தின் முதல் மாடியில் வேலை இருக்கிறது. லிப்ட் இல்லாத கட்டடம்தான். மூத்தவரையும் அழைத்து வாருங்கள். பிரஷ் மெஷினை அவரே ஓட்டிப் பார்க்கட்டும். தனிச்செய்தியில் நாளையும் நேரத்தையும் அனுப்புகிறேன்.